வெறும் வயிறு

நம் தெருவில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. தாமதம் உண்டு, அவ்வளவுதான்.

நீச்சல் டீச்சர் தன் வயிறு, தொடை, இடுப்புக் கொழுப்பை உறிஞ்சி எடுக்க நாள் குறித்துவிட்டாள் என்பது நமக்குச் சென்ற வாரமே தெரிந்துவிட்டது. ரயில் ஓட்டப் போயிருக்கும் புருஷனுக்கு இன்னும் தெரியாது. மாமியாருக்குத் தெரியும் என்பதுதான் அதிசயம். தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளை நம் தெரு 'ஸ்டாம்ப் அம்மா' என்றுதான் சொல்லும். அவருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. கண்ணாடி மாற்றப் போகிறோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். கீழே கண்ணாடிக் கடை, மாடியில் அழகு கிளினிக். பொய்யிலும் கொஞ்சம் முகவரி சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு பேருக்கும் பயம் ஒருத்தியிடம்தான். ஸ்டாம்ப் அம்மாளின் மூத்த மகள், டீச்சரின் நாத்தனார். தொழில், மயக்க மருந்து கொடுப்பது. குணம், கேள்வி கேட்பது. அவள் அந்தக் கிளினிக்குக்குப் புதன், சனி மட்டும்தான் வருவாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் டீச்சர் வியாழக்கிழமையைப் பிடித்தாள். வியாழக்கிழமைக்குரிய மயக்க டாக்டருக்கு அன்று பார்த்தா காய்ச்சல் வரவேண்டும்?

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது நாத்தனார்.

"அண்ணி…"

"படு. எந்திரிக்காத."

ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் பேனா. டாக்டரம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"என் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி, அது உங்க விஷயம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"ராத்திரி ஒன்பது மணிக்கு."

"காலையில காபி, தண்ணி?"

"ஒரு மடக்கு தண்ணிகூட இல்ல அண்ணி."

"மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, யாரோ குடுத்த பொடி?"

"ஒண்ணும் இல்ல."

"பல் ஏதாவது ஆடுதா? முன்னாடி மயக்கம் குடுத்தப்ப வாந்தி, மூச்சு முட்டல்?"

"இல்ல, இல்ல, இல்ல."

மூன்றாவது 'இல்ல'யில் கொஞ்சம் உஷ்ணம் ஏறியிருந்தது. கேள்வி அத்தனையும் ஃபைலில் ஏற்கெனவே கேட்டு எழுதப்பட்டவைதான். நர்ஸ் ஒரு தடவை, அறுவை செய்யும் டாக்டர் ஒரு தடவை, இப்போது இவள். மூன்று பேர் மூன்று தடவை கேட்பது அந்தத் தொழிலின் வழக்கம். முதல் இரண்டு தடவை மறந்தது மூன்றாவது தடவை ஞாபகம் வரும் என்பார்கள். ஆனால் மூன்றாவதாகக் கேட்பது நாத்தனாராக இருந்தால், ஞாபகத்தில் இருப்பதும் மறந்துவிடும். இது அந்தத் தொழிலின் புத்தகத்தில் எழுதப்படவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் கிளினிக் நர்ஸ் நம் தெருமுனை வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

"இறங்கி எடை மெஷின்ல நில்லு."

"அன்னிக்கே பார்த்தாங்களே."

"இன்னிக்கு எடைக்குத்தான் இன்னிக்கு மருந்து. கொழுப்பு எடுக்கிற இடம் முழுக்க மரத்துப்போறதுக்கு மருந்துத் தண்ணி ஏத்துவாங்க. அது உன் எடைக்கு மேல ஒரு சொட்டு ஏறினாலும் இதயத்துல போய் உட்காரும். ஏறு."

எழுபத்து நாலு.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினாள். பதினோரு வாரத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது எண்பத்து மூன்று. பக்கத்திலேயே அழகு டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி: எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன்.

"ஒன்பது கிலோ எப்படி குறைஞ்சுது?"

"நீச்சல்தான்."

"பதினாலு வருஷமா நீந்துற. போன மூணு மாசத்துல மட்டும் தண்ணிக்கு என்ன வந்துச்சு?"

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது பதில் அல்ல, ஒரு ஏப்பம். நீண்ட, நிதானமான, விருந்து முடிந்து வருகிற மாதிரி ஏப்பம்.

"சாரி அண்ணி."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்த வயிறு ஏப்பம் விடாது. பொருமலாம், உறுமலாம். இது உண்ட வயிற்றின் சத்தம்.

"ஸ்கேன் மெஷினைத் தள்ளிட்டு வாம்மா," என்றாள் நர்ஸிடம்.

விலா எலும்புக்குக் கீழே குளிர்ந்த பசையைத் தடவி, கைக்கருவியை வைத்து அழுத்தினாள். காலி இரைப்பை என்றால் திரையில் சுருங்கிப்போன பை மாதிரி ஓர் ஓரமாகக் கிடக்க வேண்டும். இது சாம்பலும் வெள்ளையுமாய்ப் பொங்கி நின்றது. சாப்பாடு அப்படியே, குடிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"சாப்பிட்டிருக்க."

"சத்தியமா இல்ல!"

"அப்ப இது என்ன?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் டாக்டர்!" டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. "எப்பவும் இப்படித்தான். நான் எது சொன்னாலும் பொய்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் கேப்பீங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

காத்திருக்கும் அறையில் ஸ்டாம்ப் அம்மா கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் முதலில் எழுந்தார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று உட்கார்ந்தார்.

"ஏண்டி, நீ புதன்கிழமைதானே வருவ?"

"அதெல்லாம் அப்புறம். காலையில அவளுக்கு ஏதாவது குடுத்தியாம்மா? பாவமா இருக்கேன்னு ஒரு வாய்?"

"நானா?" ஸ்டாம்ப் அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ராத்திரி ஒன்பதுக்கு ரெண்டே கரண்டி சாப்பிட்டா. அதுக்கப்புறம் சமையலறை வாசல்லயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவ நான். ஒரு எறும்பு உள்ள போகல. என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேக்குறியே!"

அந்த ரோஷம் பொய் ரோஷம் அல்ல. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம், மகளுக்குத் தெரியாதா?

உள்ளே ஒருத்தி சாப்பிடவில்லை என்கிறாள், உண்மை. வெளியே ஒருத்தி கொடுக்கவில்லை என்கிறாள், அதுவும் உண்மை. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது. டாக்டரம்மா நடைவழியில் நின்றாள். சுவரில் ஒரு கண்ணாடி, அதற்குப் பக்கத்தில் இடுப்பு இல்லாத ஒரு பெண்ணின் படம். படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. சாப்பாடு உள்ளே போனதில் கோளாறு இல்லை. உள்ளே போனது நகரவில்லை.

திரும்ப உள்ளே வந்தபோது அழகு டாக்டர் கையைக் கழுவத் தயாராக நின்றார். நல்ல மனிதர்தான். சிரித்த முகம், வெண்ணெய் மாதிரிப் பேச்சு. அவரிடம் முடியாது என்று சொன்னால் சொன்னவருக்கே குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

"என்ன மேடம், ஆரம்பிக்கலாமா?"

"முடியாது டாக்டர். வயிறு ஃபுல்லா இருக்கு."

"பட்டினின்னு எழுதியிருக்கே?"

"எழுத்து பட்டினி. வயிறு பட்டினி இல்ல." டாக்டரம்மா கட்டிலின் பக்கம் திரும்பினாள். "எடை குறையறதுக்கு வாரத்துக்கு ஒரு ஊசி வருதே, அதைப் போட்டுக்கிறியா?"

"இல்ல."

பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது.

"பசியே எடுக்காது. ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. சாப்பிட்டது மணிக்கணக்கா வயித்துலயே நிக்கும். அந்த ஊசியோட வேலையே அதுதான். தப்பான மருந்து இல்ல. ஆனா என்கிட்ட சொல்லணும்."

"இல்லன்னு சொல்றேன்ல!"

அழகு டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், பேஷண்ட் இல்லைங்கிறாங்க. ஸ்கேனும் தப்பாகலாம். ஒண்ணு பண்ணலாம். முழு மயக்கம் வேணாம். மரத்துப்போற மருந்தை மட்டும் ஏத்தி, முழிச்சிருக்கும்போதே எடுத்துடறேன். எத்தனையோ இடத்துல அப்படித்தானே பண்றாங்க?"

"ஆமா அண்ணி, அப்படியே பண்ணட்டும்!" டீச்சர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வலி தாங்கும். நாலு வாரம்தான் குளத்தை மூடி வச்சிருக்காங்க. இதை விட்டா அடுத்த வருஷம்தான். எல்லார் முன்னாடியும் அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிறது நான் அண்ணி, நீங்க இல்ல."

"ரெண்டு தொடை, அடிவயிறு, இடுப்பு," டாக்டரம்மா அழகு டாக்டரைத்தான் பார்த்தாள். "நாலு இடத்தை முழிச்சுக்கிட்டே தாங்குவாளா? ஒரு மணி நேரம் கழிச்சு ஐயோன்னு கத்துவா. அப்ப நீங்க யாரைப் பார்ப்பீங்க?"

அழகு டாக்டரின் பார்வை ஃபைல் பக்கம் போனது.

"என்னைத்தான் பார்ப்பீங்க. கொஞ்சமா ஏதாவது குடுங்க மேடம்பீங்க. நானும் கொஞ்சமாத்தான் குடுப்பேன். அந்தக் கொஞ்சத்துலயே தொண்டை தன்னைத்தானே மூடிக்காக்கிற காவல் போயிடும். வயித்துல இருக்கிறது அத்தனையும் மேல வந்து நேரா நுரையீரலுக்குள்ள இறங்கும். நாலு நிமிஷம் போதும் டாக்டர். நான் ஒரு தடவை பார்த்திருக்கேன்."

எங்கே பார்த்தாள், யாரை என்று அவள் சொல்லவில்லை.

"மூச்சுக்குக் குழாய் போட்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மயக்கம் குடுக்கிறதும் உண்டு. குடல் வெடிச்சவங்களுக்குக் குடுப்பேன். ரத்தம் ஓடுறவங்களுக்குக் குடுப்பேன். இது இடுப்பு. இடுப்பு காத்திருக்கும்."

"அப்ப நீங்க கிளம்புங்க மேடம். வேற ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்," என்றார் அழகு டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சொந்தக்காரங்களுக்கு நீங்க குடுக்காம இருக்கிறதும் நல்லதுதானே."

பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் ஆபத்து. வருகிறவர் ஃபைலைப் பார்ப்பார். பட்டினி என்று இருக்கும், ஊசி இல்லை என்று இருக்கும், முதல் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். கிளம்பிப் போய்விடுவது டாக்டரம்மாவுக்குச் சுலபம். தம்பி பெண்டாட்டி எக்கேடு கெட்டால் என்ன என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய நாத்தனார்கள் நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். இவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. என்கிட்ட நீ சொல்லமாட்ட. பரவாயில்ல, இந்த நர்ஸ்கிட்டயாவது சொல்லு. நான் வெளியே போயிடறேன்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் திரை அசைந்தது.

ஸ்டாம்ப் அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே வரக்கூடாது என்று நர்ஸ் கையை நீட்டினாள். அந்தக் கையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"ஏண்டி, அந்த ஊசி… தோலுக்கு அடியில குத்துறதா? பேனா மாதிரி இருக்குமே?"

"ஆமாம்மா. வாரத்துக்கு ஒரு நாள்."

"ஞாயித்துக்கிழமை," என்றார் ஸ்டாம்ப் அம்மா.

"அத்தை!"

"இரு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு உனக்குப் பண்ணின சத்தியத்தைவிட எனக்கு நீ பெரிசு." மருமகளைப் பார்க்காமலே சொன்னார். "பதினோரு ஞாயித்துக்கிழமை. நான்தான் குத்திவிட்டேன். அவளுக்கு ஊசின்னா பயம்."

டாக்டரம்மாவுக்குக் கணக்குப் போட நேரம் பிடித்தது. கணக்கு கஷ்டமானதல்ல. விடைதான் பிடிக்கவில்லை.

"எங்க வாங்கினீங்க? யாரு எழுதிக் குடுத்தா?"

"நீதான்."

"நானா?"

"மாசம் பொறந்தா ஐஸ் பெட்டியில வச்சு நீயே கொண்டுவந்து குடுக்கிறியே, சர்க்கரைக்குன்னு. அதுதான்."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடை கடையாய் அலைந்து, ஐஸ் உருகுவதற்குள் ஓட்டமும் நடையுமாய்த் தாயாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மருந்து. அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் அது ஆள் மாறியிருக்கிறது.

"எடுத்த எடுப்புலயே உன் முழு அளவையா அவளுக்குப் போட்ட?"

"முதல் வாரம் மூணு நாள் வாந்தி எடுத்தா. அப்புறம் பழகிடுச்சு."

"அம்மா, எனக்கு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா உனக்கு அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதுக்கு?"

"தெரியும். எல்லாம் தெரியும்." ஸ்டாம்ப் அம்மாளின் குரல் உயர்ந்தது. "பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு இவ அழுதது உனக்குத் தெரியுமா? டீச்சர் இறங்கினா குளத்துல தண்ணி மட்டம் ஏறுதுன்னு எவனோ சொன்னானாம். புள்ளைங்களைக் கொண்டுவந்து விடற பெரிய மனுஷன்! இவ புருஷன்கிட்ட சொன்னா, அதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கேங்கிறான். உன்கிட்ட சொன்னா நூறு கேள்வி கேப்ப. நான் ஒண்ணும் கேக்கல. என்கிட்ட இருந்ததைக் குடுத்தேன்."

டீச்சர் முகத்தைப் போர்வையில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அழகு டாக்டர் தலைக்குல்லாயைக் கழற்றினார். அதுவரை சிரித்த முகமாகவே பார்த்திருந்த நர்ஸுக்கு அது வேறு யார் முகமோ என்று தோன்றியதாம். "இன்னிக்கு வேணாம்," என்றார். "எழுபத்தஞ்சுக்குக் கீழ வரணும்னு சொன்னது நான்தான். எப்படி வந்தீங்கன்னு நான் கேட்டிருக்கணும்." ஃபைலை எடுத்து, பட்டினி என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு வெளியே போனார்.

மாமியார் மருமகளின் காலடியில், கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தது பழக்கப்பட்ட இடம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இத்தனை கண்கள் இருந்தும், இது ஒன்றை நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

டாக்டரம்மா தாயாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் விஷயத்தில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. கேட்காத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. பதினோரு வாரமாக அது மிச்சம் இருந்தது.

"அவளுக்குக் குடுத்துட்டு உனக்கு என்ன பண்ண?"

"எனக்கு எதுக்குடி? நான் அழகா ஆகி எங்க போகப் போறேன்?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணி சர்க்கரை எவ்வளவுன்னு கேக்குறேன். நூத்தி நாப்பதுன்னு சொல்ற. வாரா வாரம் நூத்தி நாப்பது."

"நல்ல நம்பர்தானே? நீ அதுக்கு மேல எதுவும் கேக்கமாட்ட."

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர், அம்மா வந்ததுலேருந்து நாலு பாட்டில் தண்ணி குடிச்சிட்டாங்க. ஏழெட்டு தடவை பாத்ரூம் போயிட்டாங்க. நான் டென்ஷன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா தானே ஊசி முனையை எடுத்தாள். தாயாரின் மோதிர விரலைப் பிடித்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாம்ப் கிழித்துக் காய்த்த விரல், ரத்தம் எளிதில் வரவில்லை. இரண்டாவது தடவை அழுத்தியதும் ஒரு துளி வந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி ஐந்து நொடி யோசித்தது.

நானூற்றுப் பதினெட்டு.

"எவ்வளவுடி?"

மகள் கருவியை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினாள். குத்திக்காட்டவா, இல்லை, தனியாகப் பார்க்க முடியாமலா? நர்ஸுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

டீச்சர் பார்த்தாள். போர்வையைத் தள்ளிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினாள். முதுகுப் பக்கம் நாடா கட்டிய ஆபரேஷன் அங்கியோடு, வெறுங்காலோடு நின்றாள். யார் எதைப் பார்ப்பார்கள் என்று முதல் தடவையாக அவள் இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

"அத்தை, நீங்க இதுல படுங்க."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான்…"

"படுங்கன்னு சொல்றேன்ல!"

மாமியாரை அப்படி அதட்டியவள் நம் தெருவில் இதுவரை யாரும் இல்லை. ஸ்டாம்ப் அம்மா மறுபேச்சில்லாமல் படுத்தார். டீச்சர் அவர் காலை எடுத்து மேலே வைத்து, தான் போர்த்தியிருந்த போர்வையையே இழுத்துப் போர்த்தினாள். நர்ஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினாள். பெரிய ஆஸ்பத்திரி இருபது நிமிஷ தூரம்.

டாக்டரம்மா புது ஃபைல் ஒன்றை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அம்மா, என்னைப் பாரு. ஆஸ்பத்திரியில போனதும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. ஊசியை நிறுத்திட்ட. சரி. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடற இல்ல? இதயத்துக்கு ஒண்ணு, சர்க்கரைக்கு ஒண்ணு?"

ஸ்டாம்ப் அம்மா மருமகளைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க அத்தை?" டீச்சர் இரண்டடி பின்னால் போனாள். "அண்ணி, மாத்திரை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது."

இந்தத் தடவை நாத்தனார் அவளை நம்பினாள்.

"அப்ப அதை யாருக்கும்மா குடுக்கிற?"

ஸ்டாம்ப் அம்மா தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெயர் நம் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை; தாமதம், அவ்வளவுதான்.